பாவாயி வெட்டிய விரால்

மார்ச் 2, ஞாயிறு

எட்டு மணிக்கே சுள்ளென்று வெயில். புதுச்சத்திரம் தாண்டி பஸ்ஸை விட்டு இறங்கி ஏரிக்கரைக்கு நடை. தண்ணீர் போன மாதத்தைவிட நன்றாக உள்வாங்கிவிட்டது. வடக்கு மதகுப் பக்கம் அதே நாற்றம். ஜவ்வரிசி ஆலையின் கழிவுநீர், புளித்த மாவு வாடை. கைக்குட்டை எடுக்க மறந்தேன்.

கரையில் ஏழு கார்கள். சேலத்துக்காரர்கள், நாமக்கல்காரர்கள். தொப்பி, நீளத் தூண்டில், ரப்பர் தவளை. விரால் பிடிப்பது அவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை விளையாட்டு. பிடித்ததைக் கொண்டுவந்து பாவாயி அக்காவின் பலகையில் போடுவார்கள். அக்கா வெட்டிக் கழுவி, அங்கேயே பொரித்துக் கொடுப்பார். எதுவும் மாட்டாதவர்கள் அவரிடமே வாங்கிப் போவார்கள். அவர் கணவர் ராசு அண்ணன் பரிசலில் போய் வலை போடுகிறவர். இருவருக்கும் இந்தக் கரைதான் பிழைப்பு.

நாலு வருடமாக அக்கா எனக்காகக் குடலையும் காற்றுப்பையையும் தனிக் கவரில் எடுத்து வைக்கிறார். நான் கேட்டது ஒரே ஒரு முறை. அதன்பின் ஒரு ஞாயிறுகூடத் தவறியதில்லை. மீனுக்குள் இருக்கும் புழுவைப் படித்து டாக்டர் பட்டம் வாங்கப் போகிறேன் என்று சொன்னபோது மட்டும் சிரித்தார்.

இன்று கிடைத்தவை:
விரால் குடல் மூன்று. ஒன்றில் முள்தலைப் புழு.
வாளையின் காற்றுப்பை ஒன்று. உள்ளே அட்டை மாதிரி தட்டைப்புழு இரண்டு.
வெட்டிய விரால், முழுதாக ஒன்று.

அந்த விராலைக் கொடுக்கும்போது கார்க்காரர்களுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டார்.

"டீச்சர், இதப் பாருங்க. கொடல்ல இல்லீங்க, சதைக்குள்ளயே இருக்குது. ரத்தத்த நூலாத் திரிச்சாப்பல."

"இதுவரைக்கும் இப்படிப் பாத்திருக்கீங்களாக்கா?"

"இந்த ஒரு வருசமாத்தானுங்க. மெதுவாப் பேசுங்க, அவிய காதுல உளுந்தா எந்திரிச்சுப் போயிருவாங்க. இத விக்க எனக்கு மனசு வரல. நீங்களே எடுத்துக்குங்க."

அப்பாவுக்கு மாத்திரை வாங்கவில்லை. ஊறப்போட்ட துணி அப்படியே கிடக்கிறது.

மார்ச் 3, திங்கள்

கல்லூரி. கௌரவ விரிவுரையாளர்களுக்கு இந்த வாரமும் நாற்காலி இல்லை. ஆய்வகத்து ஸ்டூலில் உட்கார்ந்து பேப்பர் திருத்தல்.

விராலைத் தட்டில் வைத்து உப்புக் கரைசல் ஊற்றினேன். புழு வெளியே வந்தது. விரல் நீளம், செக்கச் செவேல். சுருள் அவிழ்ந்து மெதுவாக ஊர்ந்தது. பெயர் யூஸ்ட்ராங்கிலிடிஸ். புத்தகத்தில் படம் மட்டுமே பார்த்தது, இப்போது உயிரோடு என் தட்டில். நாலு வருடத்தில் முதல்முறையாக ஒரு சந்தோஷம், மறைப்பானேன்.

சேற்றில் இருக்கும் சிறு புழு, அதிலிருந்து சின்ன மீன், அதிலிருந்து விரால், கடைசியில் நீர்க்காகம். அழுக்குச் சேறு கூடினால் சேற்றுப் புழு கூடும், அதோடு இதுவும் கூடும். ஆலைத் தண்ணீரைப் பற்றி ஆய்வேட்டில் எழுத வேண்டும்.

போனில் ஒரு நிமிட வீடியோ எடுத்து இரண்டாம் ஆண்டு குரூப்பில் போட்டேன். கீழே எழுதியது: 'நம் புதுச்சத்திரம் பக்கத்து ஏரி விரால். உயிருள்ள புழு. நாளை வகுப்பில் பேசுவோம்.'

வேகவைத்தால் செத்துவிடும், சாப்பிடுகிறவரை ஒன்றும் செய்யாது என்று அடுத்த வரி எழுதத் தொடங்கினேன். மணி அடித்தது. போனைப் பையில் போட்டுவிட்டு வகுப்புக்குப் போனேன்.

மார்ச் 5, புதன்

சேலம். ஆய்வு நெறியாளர் சாரைப் பார்க்க ஒன்றரை மணி நேரம் வராந்தாவில். ஏப்ரல் கடைசிக்குள் ஆய்வேட்டை ஒப்படைத்தே ஆக வேண்டும். இனி அவகாசம் இல்லை.

சிவப்புப் புழுவுக்கு மகிழ்ந்தார். ஆலைக் கழிவைச் சொன்னதும் முகம் மாறிவிட்டது. "தண்ணி டெஸ்ட் ரிப்போர்ட் இருக்கா? இல்லையில்ல? அப்ப அதைத் தொடாதீங்க. புழுவைப் பத்தி மட்டும் எழுதுங்க."

திரும்பும் பஸ்ஸில் ஜன்னல் சீட். அவ்வளவுதான் இன்றைய நல்லது.

மார்ச் 7, வெள்ளி

ராசிபுரம் பஸ். எனக்கு முன்சீட்டில் இரண்டு பெண்கள், ஒரு போன்.

"இங்க பாரு, விரா மீனாமா. நெளியறதப் பாரு."

"ஐயோ, எந்த ஏரி?"

"புதுச்சத்திரம் பக்கமாமா. போன வாரந்தான் எங்கூட்டுக்காரரு அங்கிருந்து வாங்கியாந்தாரு. கொழந்தைக்கெல்லாம் ஊட்டுனேன்டி."

என் தட்டு. என் கட்டைவிரல் நகம். என் வீடியோதான். மேலே யாரோ ஓர் ஆணின் குரலை ஏற்றியிருக்கிறார்கள். இந்த ஏரி மீனைத் தின்றால் புழு மூளைக்கு ஏறும், தெரிந்தவர்களுக்கெல்லாம் அனுப்புங்கள் என்கிறது அந்தக் குரல்.

அவர்களிடம் சொல்லியிருக்கலாம். அக்கா, மூளைக்கெல்லாம் ஏறாது, வேகவைத்தால் போதும் என்று. என் ஸ்டாப்புக்கு முன்னாலேயே இறங்கிவிட்டேன்.

குரூப்பில் விசாரித்தேன். மாணவி கௌசல்யா அழுதாள். "அம்மாவுக்கு மட்டுந்தான் மேம் அனுப்புனேன்." அம்மா யாருக்கு மட்டும் அனுப்பினாரோ. திட்டவில்லை. அந்த வரியை விட்டது நான்.

குரூப்பிலிருந்து வீடியோவை அழித்தேன். அதற்குள் எத்தனை போனில் இருக்குமோ.

மார்ச் 9, ஞாயிறு

ஏரிக்குப் போகவில்லை. நாலு வருடத்தில் காய்ச்சல் வந்தபோதுகூடப் போயிருக்கிறேன்.

பதினொரு மணிக்குப் பா. அக்கா போன்.

"டீச்சர், வரலீங்களா?"

"அப்பாவுக்கு உடம்பு சரியில்லக்கா." அப்பா அப்போது கூடத்தில் உட்கார்ந்து பொட்டுக்கடலை தின்றுகொண்டிருந்தார். கைத்தறி, விசைத்தறி என்று நாற்பது வருடம் நெய்தவர். காது மந்தம், நல்லவேளை.

"பாத்துக்குங்க டீச்சர். இங்க ஒரு காருகூட வரலீங்க. என்னமோ போன்ல படம் உட்டிருக்காங்களாம், புழு புழுன்னு. அண்ணன் புடிச்ச மீனு அப்புடியே கெடக்குது. கருவாடு போடலாம்னா அதையும் ஆரு வாங்குவா?"

போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"நீங்க படிச்சவங்க. ஒருக்கா வந்து சொன்னீங்கன்னா கேப்பாங்க. அடுத்த வாரம் வாரீங்களா?"

வருகிறேன் என்றேன். அதன்பின் மூன்று தடவை கை கழுவினேன். ஏனென்று தெரியவில்லை.

மார்ச் 11, செவ்வாய்

விளக்கம் எழுதினேன். மூன்று பத்தி. வேகவைத்த மீனில் ஆபத்தில்லை, பச்சையாகத் தின்னாதீர்கள், குடலை நீக்குங்கள், வீடியோவில் சேர்த்த குரல் சொல்வது பொய். என் பெயர் போடவில்லை. தெரிந்த எல்லாக் குரூப்புக்கும் அனுப்பினேன்.

வந்த பதில்கள்: கட்டைவிரல் இரண்டு. கும்பிடும் கை ஒன்று. ரோஜாப்பூ போட்டு 'இனிய காலை வணக்கம்' ஒன்று.

அப்பா வீடியோவைப் பக்கத்து வீட்டில் பார்த்துவிட்டு வந்தார். "அம்மிணி, நல்லவேள, நீ மீனு திங்கறதில்ல." உண்மைதான். ஆராய்ச்சி தொடங்கிய நாளிலிருந்து மீன் தொண்டையில் இறங்குவதில்லை.

வெயில். தண்ணீர் லாரி வரவில்லை.

மார்ச் 16, ஞாயிறு

போனேன். எழுதிவிடுகிறேன், வரிசையாக.

கார் ஒன்றே ஒன்று. பைக் மூன்று. அக்கா எப்போதும்போல பலகையைக் கழுவித் தேய்த்து வைத்திருந்தார். ராசு அண்ணன் பரிசலைக் கவிழ்த்துப் போட்டு அதன் நிழலில் படுத்திருந்தார். என்னைப் பார்த்து எழுந்து உட்கார்ந்தார்.

தூண்டில்காரர்கள் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். அக்கா என்னைக் காட்டி, "இவிய காலேசு டீச்சருங்க. மீனப் பத்தியே படிக்கறவங்க. கேட்டுப் பாருங்க" என்றார். குரலில் ஒரு பெருமை.

சொன்னேன். வேகவைத்தால் எந்தப் புழுவும் பிழைக்காது, நாலு வருடமாகப் பார்க்கிறேன் என்றேன். அக்கா விரால் பொரித்துத் தட்டில் வைத்தார். எல்லோர் முன்னாலும் தின்றேன். முதல் வாய் குமட்டியது, விழுங்கிவிட்டேன். இரண்டாவது வாயும். ஒருவர் போனில் எடுத்தார்.

தொப்பி போட்டவர் ஒருவர் மரியாதையாகத்தான் கேட்டார். "அப்ப மீன்ல புழு இருக்குதுன்னு நீங்களே ஒத்துக்கறீங்க, இல்லீங்களா மேடம்?"

"இருக்குங்க. ஆனா..."

"அது போதுங்க. நாங்க புடிச்சுட்டு திரும்பத் தண்ணியிலயே உட்டர்றோம்."

போய்விட்டார்கள். பொய் சொல்லியிருந்தால் வாங்கியிருப்பார்களோ.

அக்கா தட்டைக் கழுவினார். நான் பக்கத்தில் குந்தினேன். இப்போது சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறப்பதற்குள் அவரே சொன்னார். குனிந்த தலை நிமிராமல்.

"அந்தப் படத்துல இருக்கறது என்ற வெட்டுங்க டீச்சர்."

தட்டைக் கவிழ்த்து வைத்தார்.

"வாலுப் பக்கமிருந்து ஒரே இழுப்பா இழுத்து, செவுளுக்குக் கீழ ரெண்டு வெரக்கடை உட்டு நிறுத்துவேன். இந்தக் கரையில ஆரும் அப்புடி வெட்டறதில்ல."

"எப்பத் தெரியுங்க்கா?"

"மொத நாளே. மருமவ போன்ல காட்டுனா. அந்த மீன நாந்தான உங்க கையில குடுத்தேன்."

"ஏங்க்கா என்னக் கேக்கல?"

"நீங்களே சொல்லுவீங்கன்னு இருந்தேன். ரெண்டு வாரமா இருந்தேன்."

மன்னிச்சுக்குங்கக்கா என்றேன். வேண்டுமென்று செய்யவில்லை என்றேன். அந்த ஒரு வரியை எழுதாமல் விட்டதைச் சொன்னேன். அவருக்கு அது புரிந்ததா தெரியவில்லை. தலையை ஆட்டினார். "வேணும்னு பண்ணலீன்னு எனக்குத் தெரியாதுங்களா."

ராசு அண்ணன் எழுந்து ஏரிப் பக்கம் நடந்து போய்விட்டார்.

கிளம்பும்போது அக்கா கவரை நீட்டினார். குடல், காற்றுப்பை. கழுவி, தனித்தனியாக முடிச்சுப் போட்டு. நான் வாங்கிக்கொண்டேன். வாங்கிக்கொண்டேன் என்பதை எழுதி வைக்கிறேன்.

மார்ச் 18, செவ்வாய்

போனை ஜன்னலில் சாய்த்து வைத்து என் முகத்தைக் காட்டியே பேசினேன். என் பெயர், வேலை. அந்த வீடியோ எடுத்தது நான்தான். மீன் விற்பவர்கள்மேல் தப்பில்லை. தண்ணீர் கெட்டதால் புழு கூடுகிறது, மதகுப் பக்கம் வந்து பாருங்கள். நாலு நிமிடம். அனுப்பினேன். ஆறு குரூப்.

நெஞ்சு கொஞ்சம் லேசானது. இட்லி நாலு சாப்பிட்டேன்.

மார்ச் 20, வியாழன்

முதல்வர் அறை. உட்காரச் சொல்லவில்லை.

"தண்ணி கெட்டுப்போச்சுன்னு சொல்ல நீங்க யாரும்மா? ஆலைக்காரங்க காலையில இருந்து மூணு போன். காலேஜ் பேரு வேற சொல்லியிருக்கீங்க. ஜூன்ல உங்களுக்கு ரினியூவல் வருது, ஞாபகம் இருக்கட்டும். எடுத்துருங்க."

மத்தியானம் அழித்துவிட்டேன். எல்லாக் குரூப்பிலும். ஆலைக்காரர்களுக்குச் சொன்னது யாரோ, அதைத் தவிர இந்த வீடியோவை யாரும் வேறு எங்கும் அனுப்பியதாகத் தெரியவில்லை. அழித்ததும் அது எங்குமே இல்லை. குரல் சேர்த்த அந்த வீடியோ இன்றுகூட ஆய்வக உதவியாளர் போனுக்கு வந்தது.

எனக்கு வேலை வேண்டும். அப்பா மருந்து, வாடகை. காரணம் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது.

மார்ச் 21, வெள்ளி

பா. அக்கா போன். அதிகாரிகள் இரண்டு பேர் ஜீப்பில் வந்தார்களாம். மீன் நாலை ஐஸ் பெட்டியில் போட்டு எடுத்துக்கொண்டு, ரிசல்ட் வரும்வரை கரையில் விற்கக் கூடாது என்று தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்களாம்.

"ரிசல்ட்டு எப்ப வருமுங்க டீச்சர்?"

அவர்களில் ஒருவரின் நம்பர் கிடைத்தது. பேசினேன். நல்ல மனிதர்தான். கேட்டுக்கொண்டார். மதகுத் தண்ணீரையும் எடுங்கள் சார் என்றேன். "அது வேற டிபார்ட்மெண்ட் மேடம்."

ரிசல்ட் எப்போது என்று அவருக்கும் தெரியவில்லை.

மார்ச் 24, திங்கள்

ஃப்ரிட்ஜிலிருந்து அக்கா கொடுத்த கவரை எடுத்துத் திறந்தேன். வேறு வழியில்லை, அத்தியாயம் முடிய வேண்டும். கடைசி மாதிரிகள். பதிவு செய்தேன், சூடான ஆல்கஹாலில் போட்டேன், லேபிள் ஒட்டினேன். எல்லாம் வழக்கம்போல் அரை மணியில் முடிந்தது. அதுதான் என்னவோபோல் இருந்தது.

மார்ச் 30, ஞாயிறு

ஏரி. பலகை இல்லை. அடுப்புக் கல் மூன்றும் கரியோடு அப்படியே. பரிசல் வேறொருவர் வீட்டு வாசலில்.

கரை முனை டீக்கடைக்காரர்: "அவிய போயிட்டாங்களே, தெரியாதுங்களா? கோழிப்பண்ணைக்கு. ரெண்டு பேரும். பண்ணைக்குள்ளயே ரூமு. முட்டை பொறுக்கற வேல."

"எப்பங்க?"

"செவ்வாக்கெழம. ராசு வரமாட்டேன்னு நின்னாப்புடி. பொம்பள எத்தன நாளைக்கு ஒத்தையில இழுக்கும்."

மீனை யாரும் பிடிப்பதில்லை. பட்ட மரத்தில் நீர்க்காகங்கள் வரிசையாக, இறக்கை விரித்துக் காய்ந்துகொண்டு. போன மாதம் பத்துப் பன்னிரண்டு இருந்திருக்கும், இன்று எண்ண முடியவில்லை. அவற்றுக்கு நல்ல காலம். புழுவுக்கும்.

மதகில் தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. வெள்ளையாக, நுரையோடு.

ஏப்ரல் 19, சனி

ஆய்வேடு தட்டச்சு முடிந்தது. ஆலை பற்றி ஒரு வரி வைத்திருந்தேன். சார் பச்சை மையால் கோடு போட்டு அடித்துவிட்டார். மற்றபடி "குட் வொர்க்".

நன்றியுரைப் பக்கம் மட்டும் பாக்கி. சார், துறைத்தலைவர், முதல்வர், அப்பா. அதன்பின் பாவாயி, ராசு. பெயருக்குப் பக்கத்தில் என்ன எழுதுவது? 'மீன் விற்பனையாளர்கள்' என்று தட்டினேன். இப்போது அவர்கள் அது இல்லையே. அழித்தேன். பெயரை மட்டும் வைத்தேன். கேட்காமல் போடக் கூடாது.

ஏப்ரல் 27, ஞாயிறு

நாளை ஒப்படைக்க வேண்டும். வெயில் தாழ்ந்து நாமக்கல் பக்கம் அந்தப் பண்ணைக்குப் போனேன். இரண்டு பஸ், பின் நடை. வெளியாள் உள்ளே போகக் கூடாது, கோழிக்கு நோய் வந்துவிடும். வாட்ச்மேன் உள்ளே சொல்லி அனுப்பினார். கம்பிக் கேட்டுக்கு இந்தப்புறம் நான். அரை மணி கழித்து அக்கா வந்தார். பச்சைச் சட்டை, தலையில் துணி, காலில் ரப்பர் செருப்பு. மெலிந்துவிட்டார்.

"வாங்க டீச்சர். அப்பா நல்லா இருக்காருங்களா?"

அன்று அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று சொன்ன பொய்யை இன்னும் ஞாபகம் வைத்திருக்கிறார். நல்லா இருக்கார் என்றேன்.

"வேல எப்படிங்க்கா?"

"முட்டதானுங்க. வெயிலு இல்ல, பரவால்ல. அண்ணனுக்குத்தான் புடிக்கல. தண்ணியப் பாக்காம இருக்க முடியலங்கறாரு. ராத்திரி தூங்கறதில்ல."

ரிசல்ட் வந்ததா என்று அவர் கேட்கவில்லை. வரவில்லை என்று நானும் சொல்லவில்லை.

ஆய்வேட்டைப் பையிலிருந்து எடுத்துக் கம்பி வழியாகக் காட்டினேன். கருப்பு அட்டை, தங்க எழுத்து. தொட்டுப் பார்த்தார். கையைச் சட்டையில் துடைத்துவிட்டுத்தான் தொட்டார். அந்தப் பக்கத்தைப் பிரித்து, இங்கே உங்கள் இரண்டு பேர் பெயரும் இருக்கிறது, நீங்கள் இல்லாமல் இது இல்லை என்றேன்.

கொஞ்ச நேரம் எழுத்தையே பார்த்தார்.

"இதுல என்ற பேரு எதுங்க?"

விரல் வைத்துக் காட்டினேன்.

"எடுத்துருங்க டீச்சர்."

"அக்கா..."

"கோவமில்லீங்க. சத்தியமா இல்ல. எனக்குப் படிக்கத் தெரியாது. இதுக்குள்ள புழுவப் பத்தி என்னென்ன எழுதியிருக்குன்னு தெரியாது. நாளைக்குப் படிக்கத் தெரிஞ்சவங்க இதப் பாத்தா, பாவாயி மீனுல புழுன்னுதான் படிப்பாங்க. எம் மீனு நல்ல மீனுங்க டீச்சர். முப்பது வருசம் வெட்டியிருக்கேன்."

உள்ளே யாரோ கூப்பிட்டார்கள். "வாரேனுங்க" என்று குரல் கொடுத்துவிட்டு என்னைப் பார்த்து, "இருட்டறதுக்குள்ள ஊடு போய்ச் சேருங்க" என்றார். போனார். திரும்பிப் பார்க்கவில்லை.

ராசிபுரத்தில் பைண்டிங் கடை மூடும் நேரம். ஐந்து பிரதியிலும் அந்த ஒரு தாளை மாற்றச் சொன்னேன். "ஒரு வரிக்காகவா மேடம்?" என்றார் கடைக்காரர். ஆமாம் என்றேன். பிளேடால் வெட்டி எடுத்தார்.